ஐந்து மாதம் மறைத்து வைத்த வயிறு: ஒரு 16 வயதுப் பெண்ணின் பேறுகாலம்

மலையடிவாரத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவ அலுவலராக இருந்தபோது நான் பார்த்த கேஸ் இது. பெண் யார், குடும்பம் எது என்று தெரியக்கூடாது என்பதற்காக ஊரையும் காலத்தையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். ஓரிரு இடங்களில், இதே மாதிரி வந்த வேறு பெண்களுக்கு நடந்ததையும் சேர்த்திருக்கிறேன். ஏனென்றால் இது ஒரே ஒரு பெண்ணுக்கு நடந்த விஷயம் இல்லை.

வந்த நிலை

விடியற்காலை நாலரை மணிக்குத் தக்காளி ஏற்றும் சின்ன சரக்கு வண்டியில் அவளைக் கொண்டுவந்தார்கள். பின்னால் தார்ப்பாய் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலையைப் பாட்டி மடியில் வைத்திருந்தார். வீட்டில் ஒரு தடவையும் வழியில் ஒரு தடவையும் வலிப்பு வந்திருக்கிறது. நாக்கைக் கடித்து உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது. "ஜன்னி கண்டுருச்சு டாக்டரம்மா, கையில இரும்பக் குடுத்தும் நிக்கல" என்றார் பாட்டி. சாவிக்கொத்து இன்னும் அவள் கைக்குள்ளேயே இருந்தது.

கூப்பிட்டால் கண் திறந்தாள், ஆனால் பதில் இல்லை. முகமும் கால்களும் வீங்கியிருந்தன. ரத்த அழுத்தம் 172/116. கர்ப்பப்பையின் உயரம் 30 வாரத்துக்குத்தான் இருந்தது, கணக்குப்படி 32 வாரம். குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டது. சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ் (ஊரில் இதைத்தான் 'உப்பு' என்பார்கள்). ஹீமோகுளோபின் 7.6, அதாவது ரத்தசோகை. இவளுக்கு வந்திருப்பது எக்லாம்ப்சியா என்று முடிவு செய்ய இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐ எட்டி, சிறுநீரில் புரதமும் போனால் அது முன்சூல்வலிப்பு. அந்த நிலையில் வலிப்பும் வந்துவிட்டால் எக்லாம்ப்சியா. தாய், குழந்தை இரண்டு பேர் உயிரையும் கொண்டுபோகக்கூடியது.

இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, வாயில் இருந்த எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் வைத்தோம். அப்புறம் மெக்னீசியம் சல்பேட். நரம்பில் மெதுவாக 4 கிராம், இரண்டு இடுப்பிலும் தசையில் 5 கிராம் வீதம் 10, ஆக 14 கிராம். வலிப்பை நிறுத்துவதற்கும், திரும்ப வராமல் காப்பதற்கும் இதைவிட நல்ல மருந்து கிடையாது. விலையும் மலிவு. 2002ல் வெளிவந்த 'மேக்பை' ஆய்வு 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்தது. முன்சூல்வலிப்பு உள்ளவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் எக்லாம்ப்சியா வரும் ஆபத்து பாதிக்கும் கீழே குறைகிறது என்று அது காட்டியது. எந்தச் சின்ன சுகாதார நிலையத்திலும் முதல் டோஸைப் போட்டுவிட்டுத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். "அங்கே போய்ப் போட்டுக்கொள்வார்கள்" என்று வெறுமனே அனுப்பிவைத்துப் பாதி வழியில் இழந்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன்.

ரத்த அழுத்தத்தைக் குறைக்க லபெட்டலால் 20 மில்லிகிராம் நரம்பில் போட்டோம். குழந்தையின் நுரையீரல் முதிர டெக்ஸாமெத்தசோன் முதல் ஊசியும் போட்டாயிற்று. 108 வண்டி வந்தது. எங்கள் செவிலியர் கால்சியம் குளுக்கோனேட் ஊசியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடன் ஏறினார். மெக்னீசியம் அளவு மீறினால் மூச்சு நின்றுபோகும், அதற்கு மாற்று மருந்து அது. வழியெல்லாம் முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா என்பதையும் மூச்சு எண்ணிக்கையையும் பார்த்துக்கொண்டே போகச் சொன்னேன். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம்.

வயதைப் பதிவேட்டில் எழுதும்போது பாட்டியிடம் கேட்டேன். "பத்தொம்போது" என்றார். எங்கள் கிராம சுகாதார செவிலியர் என் பக்கம் திரும்பித் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. அவளுக்கு 16 வயது எட்டு மாதம்.

அதற்கு முன்னால் நடந்தது

அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டிட வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரி மலையோர ஊர்களில் இது சாதாரணம். மழை பொய்த்தால் ஊரில் பாதி வீடு பூட்டிக்கிடக்கும், பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளரும். இவளும் எட்டாம் வகுப்பிலிருந்து பாட்டியிடம்தான் இருந்தாள். பத்தாம் வகுப்பில் 371 மதிப்பெண். பிளஸ் ஒன் சேர்ந்த பள்ளி 14 கிலோமீட்டர் தள்ளி. சாயங்கால பஸ்ஸை விட்டால் இருட்டிய பிறகுதான் வீடு. "வயசுக்கு வந்த பிள்ள, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்ற பேச்சு அந்த வருடம் முழுக்க வீட்டில் ஓடியிருக்கிறது. கடைசியில் அம்மாவின் கடைசித் தம்பிக்கே, அதாவது தாய்மாமனுக்கே, கட்டிவைத்துவிட்டார்கள். அவனுக்கு 24 வயது. வேற்றூர்க் கோயிலில், விடியற்காலையில், பதினைந்து பேர் முன்னால் தாலி கட்டியாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது இவள் போகவில்லை.

உனக்குச் சம்மதமா என்று நான் பிறகு தனியாகக் கேட்டேன். "யாரும் கேக்கல மேடம்" என்றாள். கோபமில்லாமல், வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள்.

நாள் தள்ளிப்போன இரண்டாம் மாதம் பாட்டி அவளைப் பக்கத்து டவுனுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தவர் ஆதார் கேட்டிருக்கிறார். பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு, "பதினெட்டு ஆகலயா? போலீசுக்குச் சொல்லணுமே" என்றிருக்கிறார். அவ்வளவுதான். டாக்டரைப் பார்க்காமலேயே இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஐந்து மாதம் எந்த நர்ஸ் கண்ணிலும் அவள் படவில்லை. துப்பட்டாவை அகலமாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். இரும்புச்சத்து மாத்திரை இல்லை, ரணஜன்னி தடுப்பூசி இல்லை, ஸ்கேன் இல்லை.

27ஆம் வாரத்தில் அங்கன்வாடி அக்கா சொல்லித்தான் எங்கள் செவிலியருக்குத் தெரிந்தது. மூன்று தடவை வீட்டுக்குப் போய், நாலாவது தடவைதான் கதவு திறந்தது. அந்த ஒரே ஒரு பரிசோதனையில் எடை 41 கிலோ, உயரம் 146 சென்டிமீட்டர், ரத்த அழுத்தம் 128/84, ஹீமோகுளோபின் 7.8 என்று எழுதியிருந்தது. இரும்புச்சத்து ஊசி போட மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார். வரவில்லை. 128/84 என்பது பார்க்கச் சாதாரண எண் மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒல்லியான பதினாறு வயதுப் பெண்ணுக்கு வழக்கமாக 100/60 இருக்கும் இடத்தில் அது ஏற்கெனவே ஏறிய அழுத்தம். ஆரம்ப மாதங்களின் அளவு ஒன்று கையில் இருந்திருந்தால் அந்த ஏற்றம் கண்ணில் பட்டிருக்கும். இல்லாததால் செவிலியருக்கும் படவில்லை, அன்று அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட எனக்கும் படவில்லை.

பெரிய மருத்துவமனையில்

போய்ச் சேரும்வரை மறுபடி வலிப்பு வரவில்லை. ரத்தத் தட்டணுக்கள் 92,000 ஆகக் குறைந்திருந்தன, கல்லீரல் நொதிகள் கொஞ்சம் கூடியிருந்தன. எக்லாம்ப்சியாவுக்கு முழுமையான வைத்தியம் பிரசவம்தான். நஞ்சுக்கொடி வெளியே வரும்வரை நோய் உள்ளேயே இருக்கும். கர்ப்பப்பை வாய் இளகவில்லை, குழந்தையின் துடிப்பும் இறங்க ஆரம்பித்தது. அதனால் ஒன்பது மணி நேரத்துக்குள் சிசேரியன் செய்தார்கள். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பெண் குழந்தை, 1,380 கிராம்.

டெக்ஸாமெத்தசோன் நான்கு டோஸ், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக, 36 மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். இந்தக் குழந்தைக்குக் கிடைத்தது ஒரு டோஸ். பிறந்ததும் மூச்சுத் திணறி, இரண்டு நாள் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவியில் இருந்தது. சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் மொத்தம் 29 நாள். குறைப்பிரசவக் குழந்தை என்பதால் நாலாவது வாரத்தில் விழித்திரையைச் சோதித்தார்கள், நல்லவேளையாகக் கோளாறு எதுவும் இல்லை.

தாய்க்கு ஒன்பது நாள் அழுத்தம் இறங்கவில்லை. ஏழாம் நாள் தையல் ஓரம் சீழ் வைத்துப் பிரிந்தது. ரத்தசோகை உள்ள உடம்பில் காயம் ஆற நேரமாகும். மறுபடி தையல் போட்டார்கள்.

அறுவையின்போதே கருத்தடைக்குக் காப்பர் டி வைத்துவிடலாமா என்று போனில் என்னிடம் ஒரு கேள்வி வந்தது. நல்லெண்ணத்தில் கேட்டதுதான். மயக்கமும் குழப்பமும் தெளியாதவளிடம் சம்மதம் வாங்க முடியாது, வேண்டாம் என்றேன். இவள் உடம்பில் இதுவரை நடந்தது எல்லாமே இவளைக் கேட்காமல் நடந்ததுதான். மருத்துவமனையும் அந்த வரிசையில் சேரக் கூடாது என்று எனக்குப் பட்டது.

கங்காரு பராமரிப்பு ஆறாம் நாள் தொடங்கியது. குழந்தையை நெஞ்சோடு தோலோடு தோலாகக் கட்டிக்கொள்ளும் இந்த முறை 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், போதிய கருவிகள் இல்லாத மருத்துவமனையில் பிறந்தது. எடை குறைந்த குழந்தைகளுக்கு உயிர் காக்கும் வைத்தியம் என்று இன்று உலகமே ஒப்புக்கொள்கிறது. முதல் ஆறு நாள் குழந்தையைக் கட்டிக்கொண்டது இவள் இல்லை, பெங்களூரிலிருந்து ஓடிவந்த இவள் அம்மா. இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

வயது இதில் எவ்வளவு, தாமதம் எவ்வளவு

இந்தக் கேள்வியைத்தான் நான் பலநாள் யோசித்தேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் எதை மாற்ற முடியும் என்பது அதில்தான் இருக்கிறது.

வயதால் வரும் ஆபத்து உண்மையானது. 29 நாடுகளின் மருத்துவமனைகளில் 24 வயது வரையுள்ள 1,24,446 தாய்மார்களின் விவரங்களை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. 20 முதல் 24 வயதுள்ளவர்களைவிட 10 முதல் 19 வயதுள்ள தாய்மார்களுக்கு எக்லாம்ப்சியாவும், பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையில் வரும் தொற்றும், உடல் முழுக்கப் பரவும் தொற்றும் அதிகம். அவர்களுடைய குழந்தைகளுக்கு எடைக்குறைவும் குறைப்பிரசவமும் பிறந்தவுடன் வரும் கடும் சிக்கல்களும் அதிகம். இவளுக்கும் இவள் குழந்தைக்கும் வந்தவை ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

'இடுப்பு எலும்பு சின்னது, அதனால்தான் கஷ்டம்' என்று பொதுவாகச் சொல்வார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் அது பெரிய விஷயம். உயரம் வளர்வது நின்ற பிறகும் இடுப்பெலும்பு சில வருடம் வளர்ந்துகொண்டிருக்கும், அதற்குள் பிரசவம் வந்தால் குழந்தை தலை இறங்காமல் சிக்கும். நாள்கணக்கில் சிக்கிக் கிடந்தால் சிறுநீர்ப் பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்து, வாழ்நாள் முழுக்கச் சிறுநீர் கசியும். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இளம் தாய்மார்கள் இன்றும் படும் துயரம் அது. பதினாறு, பதினேழு வயதில் எங்களை அதிகம் பயமுறுத்துவது இடுப்பு இல்லை. ரத்த அழுத்தமும் ரத்தக்குறைவும் குழந்தையின் எடையும்தான்.

எடை ஏன் குறைகிறது என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கேம்டன் நகரில் நடந்த ஆய்வு ஒரு நல்ல பதிலைத் தந்தது. இன்னும் தானே வளர்ந்துகொண்டிருக்கும் பெண்கள் கர்ப்பத்தில் எடை போடுகிறார்கள், கொழுப்பும் சேர்கிறது. ஆனால் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள், வளர்ச்சி முடிந்த பெண்களின் குழந்தைகளைவிடச் சின்னதாக இருந்தார்கள். தாயின் உடம்பு தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒரே தட்டில் சாப்பிடும் இரண்டு பிள்ளைகள் மாதிரி என்று நான் எங்கள் செவிலியர்களுக்குச் சொல்வேன். தட்டில் முதலிலேயே கொஞ்சம்தான் இருந்தால்? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவள் கர்ப்பமாவதற்கு முன்பே அந்தப் பாதிக்குள் இருந்திருப்பாள்.

இனி தாமதம். இவள் பத்தாவது வாரத்தில் எங்களிடம் வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? முதலில், இந்தக் கர்ப்பத்தைத் தொடர விருப்பமா என்று அவளிடம் கேட்டிருப்போம். கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடும், 2021 திருத்தத்துக்குப் பிறகு 18 வயது நிறையாதவர்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடும் அனுமதிக்கிறது. பாதுகாவலரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். அந்தக் கதவு இவளுக்குத் தெரியாமலேயே மூடிவிட்டது. தொடர்வதாக இருந்தால், 12 வாரத்துக்கு மேல் சின்ன அளவு ஆஸ்பிரின் தரலாமா என்று யோசித்திருப்போம். 14ஆம் வாரத்திலிருந்து கால்சியம் மாத்திரை. இந்த ஊரில் ஒரு காலத்தில் மூன்று வேளையும் கேழ்வரகுக் களிதான், அதில் கால்சியம் நிறைய. இப்போது பெரும்பாலும் ரேஷன் அரிசி. குடற்புழு மாத்திரை, இரும்புச்சத்து, அது போதாவிட்டால் ஊசி. 20 வாரத்தில் ஸ்கேன், அதுவும் மாமன் மகள் உறவைவிட நெருங்கிய உறவில் கட்டியிருக்கும்போது கட்டாயம். கடைசி மாதங்களில் அடிக்கடி பி.பி. பார்த்திருப்போம். அழுத்தம் 140ஐத் தொட்ட அன்றே சேர்த்திருப்போம். டெக்ஸாமெத்தசோன் நாலு டோஸும் போட்டிருப்போம்.

இதையெல்லாம் செய்தாலும் முன்சூல்வலிப்பு வந்திருக்கலாம். வலிப்பு வரை போயிருக்காது என்று என்னால் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்ல முடியும். வயது அவளை ஆபத்தான பாதையில் நிறுத்தியது. விளிம்பு வரை தள்ளியது அந்த ஐந்து மாதம்.

"நான் பதினஞ்சுல பெத்தேன், எனக்கென்ன ஆச்சு?" என்று பாட்டி ஒருநாள் வார்டு வராந்தாவில் என்னிடம் கேட்டார். எத்தனை பிரசவம் பாட்டி என்றேன். "ஏழு. நாலு தங்குச்சு." முதல் பிள்ளை? கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது வயித்துலயே போயிருச்சு. எனக்கும் இப்படித்தான் ஜன்னி வந்துச்சுன்னு எங்கம்மா சொல்லும்." சொன்ன பிறகுதான் அந்த இரண்டையும் அவரே முதல்முறையாகச் சேர்த்துப் பார்த்தது போல இருந்தது முகம்.

சட்டமும் பயமும்

நான் போலீசுக்குத் தகவல் கொடுத்தேன். அதை மறைக்காமல் எழுத வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19ஆம் பிரிவு, தெரிந்தும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்கிறது. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தாலி கட்டியதால் விலக்கு ஒன்றும் இல்லை. 18 வயது நிறையாத மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்வே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அவள் அம்மா என் எதிரில் உட்கார்ந்து கேட்டார்: "தம்பிய உள்ள தள்ளித்தான் மகளக் காப்பாத்தணுமா மேடம்?" என்னிடம் பதில் இல்லை. மகளைப் படிப்பிலிருந்து நிறுத்திக் கட்டிவைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவன் கைதாகி, பிறகு ஜாமீனில் வந்தான். வழக்கு நடக்கிறது. அவனை நான் நியாயப்படுத்தவில்லை. 24 வயது ஆணுக்கு 16 என்றால் என்னவென்று தெரியும். அக்கா மகள், பிறந்த நாளிலிருந்து பார்த்து வளர்ந்தவன்.

ஆனால் அந்தத் தனியார் மருத்துவமனை வரவேற்பில் நடந்தது சட்டம் சொன்னது இல்லை. தகவல் கொடுக்கும் கடமை ஒன்று, சிகிச்சை கொடுக்கும் கடமை இன்னொன்று. இரண்டாவது முதலில் வர வேண்டும். பாதிக்கப்பட்ட சிறுமிக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவசச் சிகிச்சை தரவேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொன்னது, 2024ல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையோ அடையாளத்தையோ வெளியிட வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பைப் பற்றிக் கேள்விப்படாத மருத்துவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். வரவேற்பு மேஜையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. "உள்ளே வாங்கம்மா, முதல்ல டாக்டரப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஐந்து மாதம் தொலைந்திருக்காது.

இன்னொரு பயம் பணம் சம்பந்தப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய். அதற்குத் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். காரணம் புரிகிறது, குழந்தைத் திருமணத்துக்கு அரசு பணம் கொடுப்பது போல ஆகிவிடக் கூடாது. ஆனால் நடைமுறையில் வயதைக் கூட்டிச் சொல்லவோ, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண்ணே வாங்காமல் இருக்கவோ அது ஒரு காரணமாகிறது. அந்தப் பெட்டகத்தில் இருக்கும் சத்துமாவும் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சம்பழமும் யாருக்கு அதிகம் தேவை? பணத்தை நிறுத்திவைக்கலாம், பெட்டகத்தை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். சிறுமிகளின் திருமண வயதை உயர்த்தச் சொல்லிச் சென்னைச் சட்டமன்ற மேலவையில் போராடிய ஒரு மருத்துவரின் பெயரில் இருக்கும் திட்டம் அது.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. 2015-16ல் தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 5 சதவீதம் பேர் தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தார்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 6.3 சதவீதம். அதே காலத்தில் இந்தியா முழுக்க 7.9லிருந்து 6.8க்கு இறங்கியது. இந்த 6.3ல் திருமணமான 18, 19 வயதுப் பெண்களும் அடக்கம், எல்லாரும் இவளைப் போன்றவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் பிரசவ கால மரணத்தைக் குறைப்பதில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் ஒரு மாநிலத்தில் இந்த எண் ஏறியிருப்பது எங்களைப் போன்ற களத்தில் இருப்பவர்களைத் தூங்கவிடக் கூடாது.

வீட்டுக்குப் போன பிறகு

ஆறாவது வாரம் ரத்த அழுத்தம் இயல்புக்கு வந்துவிட்டது. ஆனால் எக்லாம்ப்சியா வந்தவர்களுக்கு நடுவயதில் ரத்தக்கொதிப்பும் இதயநோயும் வர வாய்ப்பு அதிகம், அதனால் வருடம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அதைவிட எனக்குக் கவலையாக இருந்தது அவள் மனம். தூக்கமில்லை, குழந்தை அழுதால் எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்றார் அம்மா. எடின்பரோ கேள்வித்தாளில் 30க்கு 17 வந்தது. 13 வந்தாலே பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று பார்ப்போம். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்ற கடைசிக் கேள்விக்கு 'எப்போதாவது' என்று குறித்திருந்தாள்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் பார்த்தார். மாத்திரை கொடுத்தார். ஆற்றுப்படுத்துநர் வாரம் ஒருமுறை பேசினார். குழந்தைகள் நலக் குழுவின் முன் அவள் அம்மாவோடு இருக்க விரும்புவதாகச் சொன்னாள். அம்மா பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே நூறு நாள் வேலைக்குப் போக ஆரம்பித்தார். வருமானம் பாதிக்கும் கீழே போனது. மூன்றாவது மாதம் ஒருநாள் எங்கள் செவிலியர் போனபோது, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். அதை எனக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

குழந்தை மெல்லத்தான் எடை போட்டது. இந்தியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், வயதுவந்த தாய்மார்களின் குழந்தைகளைவிட இளம் தாய்மார்களின் குழந்தைகளிடம் உயரம் குன்றுவது 10 சதவீதப் புள்ளிகள் அதிகமாக இருந்தது. தாயின் ஊட்டமும் படிப்பும் வீட்டு வசதியும்தான் அதற்குப் பெரிய காரணங்கள். அதனால் இந்தக் குழந்தைக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தில் பாதி, இவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்புவது என்று நான் நினைத்தேன்.

அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. முதலில் போன பள்ளியில், மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். இரண்டாவது, டவுனில் உள்ள பெண்கள் பள்ளி. அங்கே தலைமை ஆசிரியை மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, "371 எடுத்த பிள்ளையா?" என்று மட்டும் கேட்டார். ஜூன் மாதம் பிளஸ் ஒன்னில் மறுபடி சேர்ந்தாள். மதிய இடைவேளையில் பால் கட்டிக்கொண்டு வலித்தால் ஓர் ஓய்வறையைப் பயன்படுத்திக்கொள்ள அந்த அம்மா சாவியே கொடுத்துவைத்திருந்தார். பிளஸ் டூ முடித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று அவளே விசாரித்து வைத்திருக்கிறாள்.

கடைசியாக நான் அவளைப் பார்த்தது குழந்தைக்கு 14 மாதம் ஆனபோது. ரத்த அழுத்தம் 112/70. குழந்தை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது. எடை இன்னும் வரைபடத்தின் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில்தான், ஆனால் கோட்டுக்கு மேலே. அடுத்த பிரசவம் எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றி இந்த முறை அவளாகவே கேட்டாள், ரொம்ப நேரம் பேசினோம். கூடவே ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தங்கையையும் கூட்டிவந்திருந்தாள். பள்ளியில் கொடுத்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரை அட்டையைத் தங்கை பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"இவளுக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்க மேடம்" என்றாள்.

எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 10.4.